பிசாக் மலைச்சரிவில் இரண்டு நெருப்புகள்

பெரு நாட்டின் குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அந்த நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும் என்பதால், முதல் இரண்டு நாட்களுக்குக் கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவது, வேண்டாம், மூச்சை அதன் போக்கில் விடுங்கள் என்று யோக முகாமை நடத்துபவர்கள் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் சென்றால் உருபாம்பா ஆற்றங்கரையில் பிசாக் என்ற சிற்றூர் வருகிறது. இன்காக்கள் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள் எதிரே தெரியும் ஒரு சரிவில் முகாம் அமைந்திருந்தது. ஜூலை கடைசி வாரம். நமக்கு ஆடி மாதம், அவர்களுக்குப் பகலில் கூசும் வெயிலும் இரவில் உறைபனியுமான வறண்ட குளிர்காலம்.

வேத மரபையும் ஆண்டிஸ் மலைமக்களின் மரபையும் இணைக்கும் ஏழு நாட்கள் என்று அறிவித்திருந்தார்கள். காலையில் அக்னிஹோத்திரம் என்ற தீ வழிபாடும் ஆசனங்களும், மாலையில் மலைமக்களின் பூசாரி ஒருவர் நடத்தும் சடங்குகள். நான் பல ஆண்டுகளாக யோகம் பயின்று வருவதால் காலைப் பகுதி எனக்குப் பழகியதுதான். இவ்விரண்டையும் எப்படி இணைப்பார்கள் என்பதைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போனேன்.

அக்னிஹோத்திரத்தை நடத்தியவர் ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கேயே குடியேறிவிட்ட ஓர் ஆசிரியை. மகாராஷ்டிரத்தின் அக்கல்கோட்டிலிருந்து பல நாடுகளுக்கும் பரவிய எளிய முறைதான் அது: கவிழ்த்த கோபுரம் போன்ற செம்புப் பாத்திரம், வறட்டி, நெய், நெய் தடவிய முனைமுறியாத அரிசி இரண்டு சிட்டிகை. சூரியன் உதிக்கும் கணத்தில் "சூர்யாய ஸ்வாஹா, சூர்யாய இதம் ந மம" என்று ஒரு சிட்டிகையும், "பிரஜாபதயே ஸ்வாஹா, பிரஜாபதயே இதம் ந மம" என்று இன்னொரு சிட்டிகையும் நெருப்பில் விழ வேண்டும். அந்தக் கணத்தை ஊருக்கு ஊர் கணித்து வைத்த அட்டவணை உண்டு. அங்கே அது காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அந்நேரத்தில் சூரியன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிர்மலையின் உச்சியில் முதலில் ஒரு மஞ்சள் கோடு விழும். பிறகு அது வயல் வயலாகப் படியிறங்கி எங்கள் முற்றத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாங்கள் அட்டவணை பார்த்து அரிசியை இட்டு முடித்துக் கண்மூடி அமர்ந்திருக்க, சமையலறையில் வேலை செய்த உள்ளூர்ப் பெண்களோ உச்சியில் வெயில் விழும் நேரத்தில் கைவேலையை நிறுத்திவிட்டு, அந்த உச்சியைப் பார்த்தபடி ஒரு கணம் நிற்பார்கள். யாரும் அவர்களை அதற்காக அழைத்ததில்லை.

வலம் வருவதிலும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கதிரவன் போகும் வழியே வலம் என்று ஆசிரியை விளக்கினார். நம் ஊரில் கிழக்கு நோக்கி நின்றால் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் வலக்கைப் பக்கமாக, தெற்கே சாய்ந்து ஏறும் என்பதால் அந்த விளக்கம் பொருந்தும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பதின்மூன்று பாகையில் இருக்கும் பிசாக்கிலோ அது இடக்கைப் பக்கமாக, வடக்கே சாய்ந்து போகிறது. ஒரு மரபை இன்னொரு நிலத்துக்கு எடுத்துச் செல்லும்போது அந்த நிலத்தின் வானத்தையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பூசாரியை மலைமக்களின் கெச்சுவா மொழியில் பாக்கோ என்கிறார்கள். எங்களிடம் வந்த பாக்கோவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாசிமணி கோத்த கம்பளிக் குல்லாய் அணிந்திருந்தார். தந்தை என்று பொருள்படும் 'தைத்தா' என்ற சொல்லால்தான் எல்லாரும் அவரை அழைத்தார்கள். மலைத் தெய்வங்களுக்கு அவர்கள் மொழியில் 'அப்பு' என்று பெயர். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அப்பாவையோ தாத்தாவையோ அப்பு என்று அழைத்துக் கேட்டவள் நான். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு இருந்துவிடாது. இப்படிச் சொல் பொறுக்கி உறவு கட்டுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. இருந்தாலும் அவுசங்காத்தே என்ற மலையை 'அப்பு அவுசங்காத்தே' என்று அவரோடு சேர்ந்து அழைக்க என் நாக்கு ஒரு நாளும் தயங்கவில்லை.

அவர் கட்டும் காணிக்கைப் பொட்டலத்துக்குத் தெஸ்பாச்சோ என்று பெயர். அட்டவணையில் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு மூன்று மணி நேரம் ஆனது. நெசவுத் துணியின்மேல் வெள்ளைத் தாளை விரித்தார். மலைமக்கள் மெல்லும் கோக்கா இலைக் குவியலிலிருந்து கிழியாத, புள்ளி விழாத இலைகளாகத் தேடி, மூன்று மூன்றாக, பளபளக்கும் பக்கம் மேலே இருக்கும்படி விசிறிபோல் சேர்த்தார். இப்படிச் சேர்த்த மூன்று இலைக்குக் கிந்து என்று பெயர். அதை இரு விரல்களால் உதட்டருகே பிடித்து, மலையின் பெயரைச் சொல்லி, மெல்ல ஊதி, தாளின்மேல் வைத்தார். 6,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அவுசங்காத்தே மலையின் பெயர்தான் முதலில் வந்தது. வில்வத்தை எடுக்கும்போது மூன்று இதழும் முழுதாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கும் என் பாட்டியின் விரல்கள் நினைவுக்கு வந்தன. பிறகு பூவிதழ், மக்காச்சோளம், கீன்வா தானியம், மிட்டாய், மேகத்துக்குப் பஞ்சு, வானவில்லுக்கு வண்ண நூல், கடலுக்கு ஒரு சிப்பி என்று அடுக்கிக்கொண்டே போனார். மேகம் முதல் கடல் வரை எல்லாம் அந்த ஒரு தாளுக்குள் வந்துவிட்டன.

கடைசியாக லாமாக் கொழுப்பை எடுத்தபோதுதான் சிக்கல் எழுந்தது. இது சைவ முகாம், கொழுப்பைத் தவிர்க்க முடியுமா என்று நடத்துபவர்கள் கேட்டார்கள். பிசாக்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். தைத்தா கோபப்படவில்லை. "கொழுப்பு இல்லாமல் பரிமாறினால் பசியோடு எழுந்து போவார்கள்" என்றார். நானும் பிறவிச் சைவம்தான். ஆனாலும் அந்த வேண்டுகோள் எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் நாங்கள் நெருப்பில் இட்ட நெய்யும் நம்மை வாழவைக்கும் கால்நடையின் கொழுப்புதானே? பசுவால் வாழ்ந்தவர்கள் அதன் பாலிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொடுத்தார்கள். லாமாவால் வாழ்கிறவர்கள் அதன் கொழுப்பைக் கொடுக்கிறார்கள். காணிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கொடுக்கிறவர்தான் சொல்ல வேண்டும். நீண்ட பேச்சுக்குப் பிறகு கொழுப்பு தாளில் ஏறியது.

அன்று ஆகஸ்ட் 1. ஆண்டிஸ் மக்களுக்கு வேளாண் ஆண்டின் தொடக்கம். பூமித்தாயான பச்சமாமா வாய் திறந்து பசித்திருக்கும் மாதம் என்று நம்புகிறார்கள். நமக்கும் அது 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று சொல்லும் மாதம், அம்மனுக்குக் கூழ் வார்க்கும் மாதம். உங்கள் மண்ணிலிருந்து ஏதாவது உண்டா என்று தைத்தா எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டார். தொண்டைக்காகக் கைப்பையில் வைத்திருந்த பனங்கற்கண்டில் ஒரு துண்டை நான் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, மிட்டாய்களின் நடுவில் வைத்தார்.

பொட்டலத்தை ஹோமத் தீயிலேயே இட்டு, இரண்டு மந்திரங்களையும் ஒன்றாகச் சொல்லி முடிப்பது என்பது முகாமின் திட்டம். தைத்தா அதற்கு இணங்கவில்லை. ஹோமத்தில் நம் கண் தீயின்மேல் இருக்க வேண்டும். அவருடைய நெருப்பையோ யாரும் பார்க்கவே கூடாது. அப்புக்கள் உண்ணும்போது நாம் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்காதே என்று வளர்க்கப்பட்ட எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சொற்களும் வேறு திசையில்தான் போகின்றன. 'இதம் ந மம' என்றால் இது என்னுடையதன்று. கொடுத்த கணத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. மலைமக்களின் ஐனி என்ற நெறியில் கணக்கு முடிவதே இல்லை. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. நம் ஊர்ச் செய்முறை நோட்டில் எழுதுவதுபோல மனிதருக்கும் மலைக்கும் இடையிலும் அது தொடர்கிறது. இரண்டும் ஒன்றே என்று அந்த ஏழு நாட்களும் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒன்றாக இல்லாததால்தான் இரண்டையும் கற்றுக்கொள்ள எனக்கு ஏதோ இருந்தது.

கலப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தைத்தாவின் வேண்டுதலிலேயே மலைகளுக்கு நடுவே கன்னி மரியாளும் புனிதர்களும் வந்தார்கள். 1533இல் ஸ்பானியர் குஸ்கோவுக்குள் நுழைந்தனர். 17ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் விசாரணையாளர்கள் ஊர் ஊராகச் சென்று முன்னோரின் பதப்படுத்திய உடல்களையும் வழிபாட்டுக் கற்களையும் அழித்தனர். அதையெல்லாம் தாங்கி, எதை ஏற்பது, எதை ஒளித்துக் காப்பது என்று தலைமுறை தலைமுறையாக முடிவெடுத்து அந்த மக்கள் தாங்களே செய்துகொண்ட கலப்பு அது. ஒரு வாரத்துக்கான நிகழ்ச்சி நிரலில் அதைச் செய்துவிட முடியாது.

அன்றிரவு முற்றத்தில் ஹோமம் முடிந்ததும், தைத்தா பின்புறம் தனியே மூட்டிய நெருப்பில் பொட்டலத்தை வைத்தார். நாங்கள் திரும்பி நின்றோம். குளிரில் எங்கள் முதுகு மட்டும் சூடாக இருந்தது. சோளம் வெடிக்கும் ஓசை கேட்டது, சற்று நேரம் கழித்து கருகும் சர்க்கரையின் வாசனையும் வந்தது.

காலையில் சாம்பல் வெளுத்திருந்தது, அப்புக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றார் தைத்தா. பிறகு என்னிடம் வந்து, அந்த இனிப்பு எதிலிருந்து வருகிறது என்று மொழிபெயர்த்த பெண்ணின் மூலம் கேட்டார். ஒரு மரத்தின் சாறு என்றேன். "அந்த மரத்துக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மீதியிருந்த கற்கண்டை அவர் கையில் வைத்தேன். அதிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்துத் தம் இலைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று கோக்கா இலைகளை அடுக்கி, ஊதி, என்னிடம் கொடுத்தார். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாத இலைகள் அவை. குஸ்கோவுக்கு ஏறும் சாலையில், அவுசங்காத்தே இருக்கும் திசையை ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு, அவற்றை மென்றேன்.