யாங்கூனில் என் டாக்சியை காஸுக்கு மாற்றிய கதை

இப்போது இங்கே யாரைப் பார்த்தாலும் மின்சாரக் கார் பேச்சுதான். 2022 நவம்பரில் அரசாங்கம் அதற்குச் சுங்க வரியை எடுத்ததிலிருந்து, சொந்தக்காரப் பையன்கள் "வாங்கலாமா மாமா?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு மின்சாரக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இதற்கு முன்னால் "பெட்ரோலை விடு, இதற்கு மாறு" என்று அரசாங்கம் சொன்னபோது மாறியவர்களில் நானும் ஒருவன். அது சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. நாங்கள் காஸ் என்றுதான் சொல்வோம்.

அந்தக் காலத்து பெட்ரோல் நிலவரம் தெரியாமல் இது புரியாது. அரசாங்க பங்க்கில் ஒரு கேலன் பெட்ரோல் 180 சாட் (சாட் என்பது இந்த நாட்டுக் காசு). ஆனால் ரேஷன் புத்தகத்தில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. டாக்சிக்காரனுக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்துக்குக் கறுப்புச் சந்தைதான். தெருவோரம் ஒரு பாட்டிலும் புனலும் வைத்திருந்தால் அங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று அர்த்தம், அதில் மண்ணெண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஓட்டினால்தான் தெரியும். 2005 அக்டோபரில் ஒரே அடியில் கேலன் 1,500 சாட் ஆக்கிவிட்டார்கள். அதுவரை "காஸா, அதெல்லாம் பஸ்ஸுக்கு" என்று இருந்த நான் மறுநாளே விசாரிக்கக் கிளம்பிவிட்டேன்.

பர்மாவில் காஸில் வண்டி ஓடுவது அப்போது புதிதில்லை. 1986-லேயே சில பஸ்களில் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் அப்படியே கிடந்தது. 2004-ல்தான் அரசாங்கம் மறுபடி தூசி தட்டி, பஸ்ஸையும் டாக்சியையும் மாற்றச் சொல்லித் தீவிரமாக இறங்கியது. காரணம் சுலபம். காஸ் நம் மண்ணிலிருந்தே வருகிறது, டீசலைக் கப்பலில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

முதலில் காகிதம். ஓனர் புக், வீல் டாக்ஸ் கட்டிய சீட்டு, எஞ்சின் நம்பர் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். என் வண்டி 80களின் டொயோட்டா கரோலா வேகன், எனக்கு முன்னால் பல கை மாறியது. ஓனர் புக்கில் இருந்த பெயர் வேறொருவருடையது. (அந்தக் காலத்தில் பாதி யாங்கூன் வண்டிகள் அப்படித்தான்.) அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலையாக இருந்தது, மாற்றுகிற வேலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நீங்கள் எந்த எரிபொருளுக்கு மாறினாலும் சரி, வண்டி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டறை வைத்திருந்தவர் தான்லியின் என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழர். பர்மியப் பையன்கள் அவரை ஸயா (வாத்தியார்) என்பார்கள், நான் அண்ணே என்பேன். டிக்கியில் இரும்புச் சிலிண்டர், அதிலிருந்து வண்டியின் அடி வழியாக ஒரு மெல்லிய எஃகுக் குழாய், முன்னால் அழுத்தம் குறைக்கிற ஒரு கருவி. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கிற காஸை எஞ்சின் குடிக்கிற அளவுக்கு இறக்குவது அதன் வேலை. அழுத்தம் இறங்கும்போது அது சில்லிட்டுப் போகும், உறைந்துவிடாமல் இருக்க ரேடியேட்டரின் சுடுதண்ணீரை அதற்குள் சுற்றவிட்டிருப்பார்கள். கார்புரேட்டரின் தலையில், காஸைக் காற்றோடு கலக்க வளையல் மாதிரி ஒரு மிக்சர். டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச், ஒரு பக்கம் பெட்ரோல், ஒரு பக்கம் காஸ், நடுவில் இரண்டும் இல்லை.

அந்த நடுவைத்தான் அண்ணன் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூடானதும் ஸ்விட்சை நடுவில் வைத்து ஓட்டிக்கொண்டே போக வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்போது எஞ்சின் லேசாக இருமும். "அந்த இருமல் கேட்டதும் காஸுக்குத் தட்டு தம்பி. முன்னால தட்டினா ரெண்டும் சேர்ந்து மூச்சு முட்டும், பின்னால தட்டினா நடுரோட்ல நிப்ப." இதில் இன்னொரு சங்கடம், இங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும், அதனால் டிரைவர் உட்காருவது ரோட்டோரப் பக்கம். நின்றுபோன வண்டியை ஓரம்கட்டிய பிறகுதான் பின்னால் வருகிறவன் என்ன திட்டுகிறான் என்றே தெரியும்.

இழுவை குறைந்தது, மேட்டில் ஏறும்போது நன்றாகவே தெரிந்தது. காஸ் மெதுவாக எரிவதால் எஞ்சினில் பொறி அடிக்கிற டைமிங்கை அண்ணன் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார், அப்புறம் பரவாயில்லை. ஆனால் டிக்கி போய்விட்டது. அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் அரிசி மூட்டையோடு இறங்குகிறவர்கள் என் வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த டாக்சிக்குப் போய்விடுவார்கள். மேலே கேரியர் போட்ட பிறகுதான் அந்தச் சவாரிகள் திரும்பி வந்தன. தைப்பூசத்துக்குப் பெகு போகிற சவாரி கிடைத்தால் பெட்ரோலில்தான் ஓட்டுவேன். பங்க் எல்லாம் காஸ் குழாய் போகிற இடத்தில்தான், வழியில் தீர்ந்தால் கை பிசைய வேண்டும்.

இனி வரிசை. வண்டிகளை மாற்றுவது வேகமாக நடந்தது, பங்க்கும், காஸை அழுத்தி ஏற்றுகிற கம்ப்ரஸரும் அந்த வேகத்தில் வரவில்லை. ஹினோ பஸ்களுக்கு ஒரு வரிசை, டாக்சிக்கு ஒரு வரிசை, இரண்டுமே அடுத்த தெரு வரை வளைந்து நிற்கும். ராத்திரியில் போய் வண்டியைப் போட்டுவிட்டு சீட்டைச் சாய்த்துத் தூங்குவோம். முன்வண்டி நகர்ந்தால் பின்வண்டிக்காரன் கூரையில் தட்டுவான், கண்ணைத் திறக்காமலே தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டீக்கடைக்காரர்களுக்குத்தான் நல்ல காலம், விடியற்காலை மூன்று மணிக்கே மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) சூடாகக் கிடைத்தது. முறை வந்ததும் மின்சாரம் போகும். கம்ப்ரஸர் நின்றால் அவ்வளவுதான், எல்லாரும் மறுபடி சாய்ந்து படுப்போம். குழாயில் அழுத்தம் இல்லாத நாளில் பாதிச் சிலிண்டர்தான் ஏறும். அவசரமாக ஏற்றினால் காஸ் சூடாகி முள் மேலே போகும், வீட்டுக்கு வந்து ஆறியதும் பார்த்தால் முள் இறங்கியிருக்கும். அதனால் பங்க் பையன் மெதுவாக ஏற்றினால் நான் ஒருபோதும் அவசரப்படுத்தியதில்லை.

வரிசையில் எல்லாரும் பேசிக்கொண்டது ஒன்றைத்தான். நம் கடலில் இருக்கிற யதானா எரிவாயு வயலின் காஸ் 1998-லிருந்து தாய்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்டு விளக்கு எரிகிறது, நாம் இங்கே இருட்டில் முறைக்குக் காத்திருக்கிறோம். சத்தமாகப் பேச மாட்டோம், அது வேறு விஷயம்.

அதே சமயத்தில் காட்டாமணக்கு வேறு. 2005 டிசம்பரில் மேலிடத்து உத்தரவு: 14 மாநில, டிவிஷன்களிலும் தலா 5 லட்சம் ஏக்கர் நட வேண்டும், மூன்று வருடத்தில் அதிலிருந்து டீசல். பெகு பக்கத்தில் விவசாயம் பார்க்கிற என் மாமனாரும் நட்டார், நடாமல் இருக்க முடியாது. வேலியோரம் நன்றாகத்தான் வளர்ந்தது. காயைப் பறித்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, யார் ஆட்டுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. விதையைத் தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்ததுதான் அந்த ஊர் கண்ட பலன். அந்த எண்ணெயில் ஓடிய ஒரு டாக்சியையும் நான் பார்த்ததில்லை. காஸைக் குறை சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன், காஸாவது ஓடியது.

2007 ஆகஸ்ட் 15 காலையில் பெட்ரோல் 2,500, டீசல் 3,000, காஸ் ஐந்து மடங்கு. முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. பஸ் கட்டணம் ஏறியதும் ஜனங்கள் வேலைக்கு நடந்தே போனார்கள், அடுத்த மாதம் பிக்குகள் தெருவில் இறங்கியதை உலகமே பார்த்தது. எனக்கு எரிச்சல் வேறு மாதிரி. மாறச் சொன்னதும் இவர்கள்தான், மாறியவன் கழுத்தைப் பிடித்ததும் இவர்கள்தான். ஆனாலும் மைலுக்குக் கணக்குப் போட்டால் காஸ்தான் கீழே நின்றது, அதனால் விடவில்லை. 2011 செப்டம்பரில் பழைய வண்டியைக் கொடுத்து இறக்குமதி பர்மிட் வாங்கும் திட்டம் வந்தது, முதலில் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு, அப்புறம் வயது இறங்கி இறங்கி என் கரோலாவுக்கும் முறை வந்தது. அடுத்து வாங்கிய டொயோட்டா ப்ரோபாக்ஸிலும் சிலிண்டர் வைத்துதான் ஓட்டினேன்.

மின்சாரக் கார் கேட்கிற பையன்களிடம் நான் விலையைக் கேட்பதில்லை, உன் தெருவில் கரண்ட் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனையாவது மாடியில் இருக்கிறாய் என்றுதான் கேட்கிறேன். காஸ் வைத்த ப்ரோபாக்ஸை செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு: சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும் தேதியைப் பாருங்கள், அழுத்தச் சோதனை முடிந்து ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி செய்யாமல் ஏற்றாதீர்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா பாருங்கள். வாடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம். ஓனர் புக்கில் காஸ் வண்டி என்று ஏறியிருக்கிறதா என்றும், அதில் இருக்கிற பெயர்க்காரர் எங்கே இருக்கிறார் என்றும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.