முறத்துக்கும் கண்ணுக்கும் ஒன்றரை அடி

போடியில் ஒரு ஏலக்காய் கடையில் கணக்கு எழுதுகிறேன். கேரளத்து இடுக்கி மலையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைப் பக்கம் விளைகிற காய் மலையிறங்கி எங்கள் ஊருக்கு வரும். புத்தடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கிறது. அங்கே எடுத்த காயைச் சல்லடையில் சலித்து, பருமனை மில்லிமீட்டர் கணக்கில் பிரித்து, கடைசியில் பெண்கள் கையால் ஆய்ந்த பிறகுதான் மூட்டை கட்டி வடக்கே அனுப்புவோம். எட்டு மில்லிக் காய்க்கு இங்கே தனி மரியாதை. ஆனால் அதில் நாலு வெடித்த காயோ, கறுத்த காயோ, பூச்சி தின்றதோ கிடந்தால் மரியாதை போச்சு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரே அதைப் பேசியது. ஆய்கிற பெண்களுக்கு அந்த மாதமும் பழைய கூலிதான்.

கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை பட்டுவாடா. யார் எத்தனை கிலோ ஆய்ந்தார்கள் என்று எழுதுவது நான்தான். வருஷக்கணக்காக எழுதினால் நோட்டே சில விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்துவிடும். நாற்பதைத் தாண்டிய பெண்களின் கிலோ மெல்ல மெல்ல இறங்கும். நல்ல கைக்காரிகள், சின்ன வயதிலிருந்தே இதே வேலை, நோய்நொடி கிடையாது, ஆனாலும் இறங்கும். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "வயசாயிருச்சுக்கா, முன்ன மாதிரி கை ஓடல."

கை நன்றாகத்தான் ஓடியது. முறத்தை மடியிலிருந்து முழங்காலுக்குத் தள்ளுவார்கள். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் இடம் பிடிக்கக் காலையிலேயே சண்டை நடக்கும். ஒரு காயை எடுத்து, கையை நீட்டிப் பார்த்து, நகத்தால் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் கண்டுபிடிப்பார்கள். இதெல்லாம் கிட்டத்தில் இருப்பது மங்குகிற வெள்ளெழுத்துக் கண் செய்கிற வேலை. கிலோ ரொம்பக் குறைந்தால் கூட்டிப் பெருக்க, மூட்டை தைக்க என்று மாற்றிவிடுவார்கள். அதற்குக் கூலி இன்னும் கம்மி.

எனக்கு நாற்பத்து மூன்றில் கண்ணாடி வந்தது. எழுதுகிறவள் கண்ணாடி போட்டால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, பொறுக்குகிறவளுக்கும் அதே கண்தான் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. ஒரு மத்தியானம் டீ வந்த நேரத்தில் என் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் முறத்தோடு இருந்தவளிடம் "சும்மா போட்டுப் பாரு" என்றேன். போட்டாள். முறத்தைப் பார்த்தாள். அதுவரை ஆய்ந்து முடித்ததாகத் தள்ளி வைத்திருந்த குவியலைப் பார்த்தாள். "அடி ஆத்தீ, இம்புட்டு வெடிப்பும் இதுக்குள்ளயா கெடந்துச்சு!" என்று அந்தக் குவியல் முழுவதையும் மறுபடி முறத்தில் கொட்டிக்கொண்டாள். டீ ஆறிப்போச்சு.

அண்ணன் மகள் மதுரையில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். நாற்பது வயது வாக்கில் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைக்கத் தொடங்குமாம், கிட்டத்தில் இருப்பது மங்குமாம், எல்லோருக்கும் வருவதுதானாம், நோய் இல்லையாம். "ஆனா அத்தே, எல்லாருக்கும் உங்க கண்ணாடியக் குடுத்துறாதீங்க. அவுங்க வேலை எவ்வளவு தூரத்துல இருக்கு, அளந்து சொல்லுங்க" என்றாள். டேப் வைத்து அளந்தோம். புத்தகம் ஒரு அடி தூரத்தில் இருக்கும், முறம் ஒன்றரை அடியைத் தாண்டியது. அதனால் வாசிப்பதற்கு இரண்டரை பவர் வேண்டியவளுக்குக் காய் ஆய இரண்டே போதும். கூடுதல் பவர் கொடுத்தால் முறத்துக்குள் தலையை விட்டு முதுகு போகும். எழுத்து அட்டையும் தேவைப்படவில்லை. ஒரு கைப்பிடி காயில் வெடித்ததைக் கலந்து கொடுப்போம். எந்தக் கண்ணாடியில் சட்டென்று பொறுக்குகிறாளோ அதுதான் அவளுக்கு.

அண்ணன் மகளே இன்னொன்றும் அனுப்பினாள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற கண்ணாடி கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்களின் கொழுந்துப் பறிப்பு, கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியதாம். எங்கள் நோட்டிலும் கிலோ ஏறியது. சதவீதம் போட்டுப் பார்க்கவில்லை. சனிக்கிழமை கவர் கொஞ்சம் கனத்தது, அது போதும்.

மதுரையில் மொத்தமாக வாங்கினால் ரெடிமேட் கண்ணாடி நூறு ரூபாய்க்குள் முடியும். அதனால் பணம் எனக்குப் பெரிய பாரமாக இல்லை. "கூலியில பிடிச்சுக்கங்க" என்றார்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூலியில் பிடிப்பது என்று ஒரு தடவை ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியும். ஏற்கெனவே குழுக் கடன் வாரம் தவறாமல் வாசலில் நிற்கிறது. முடிந்தபோது முடிந்ததைக் கொடுங்கள் என்றேன். பாதிப் பேர் கொடுத்தார்கள். ஒருத்தி பணத்துக்குப் பதில் வீட்டு முருங்கைக்காயைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வெட்கம்தான் பெரிய பாடு. "கலெக்டரம்மா வாராக" என்று மருமகள் கேலி செய்கிறாளாம். இப்போதே போட்டால் கண் அதற்கே பழகி ஒரேயடியாகக் கெட்டுவிடும் என்று இன்னொருத்தி. நல்லது கெட்டதுக்குப் போகும்போது போட வேண்டாம், முறத்தின் முன்னால் மட்டும் போடு என்று சொன்ன பிறகு இறங்கி வந்தார்கள். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டது அவர்கள் யோசனை. குனிந்து நிமிர்கிற வேலைக்கு அதுதான் சரி.

எல்லோருக்கும் இது தீர்வு ஆகாது. ஒரு கண் மட்டும் மங்கல், கருவிழியில் வெள்ளை, சர்க்கரை இருக்கிறது, தூரத்தில் வருகிற பஸ்ஸும் கலங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால் கண்ணாடியை எடுக்கவே மாட்டேன். தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்குத்தான். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது அது. இல்லாதவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் இலவசமாகவே செய்கிறார்கள். ஆனால் போடியிலிருந்து தேனிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவள் கூலியும் போகும். இலவச ஆபரேஷனுக்குப் பல பேர் போகாமல் இருப்பது இதனால்தான். நான் லீவு போட்டுக் கூடப் போனால் அதில் ஒரு கூலி மிச்சம். பஸ் ஸ்டாண்டில் பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, பசித்தவனுக்குப் பொட்டலம்தான் பெரிது. உதவி செய்ய எனக்கு அமைந்தது இந்த நோட்டும் தேனி பஸ்ஸும்.

முதலாளியிடம் கேட்டுக் கேட்டு, உத்தரத்தில் இருந்த டியூப்லைட்டைச் சங்கிலி போட்டுத் தலைக்கு மேல் நாலடிக்கு இறக்க வைத்தோம். மில்லிக்கு மில்லி விலை பார்க்கிறவருக்கு அது விளங்கச் சில மாதம் பிடித்தது. வாசல் சண்டை இப்போது இல்லை.

வண்டன்மேட்டில் ஆய்கிறவர்களும் நம்ம ஊர்ப் பெண்கள்தான். அங்கே வேலைக்குப் போகிற மதினி ஜீப்பில் ஒரு டப்பா நிறையக் கண்ணாடி கொண்டுபோகிறாள். ஒன்றரையும் இரண்டும் போன வேகத்தில் தீர்ந்துவிட்டன, மூன்று பவர் மட்டும் சீந்துவாரில்லாமல் கிடக்கிறது. மதுரைப் பக்கமிருந்து போடி ரயில் ஏறுகிறவர்கள் யாராவது ஒன்றரை பவரில் ஒரு டஜன் வாங்கி வந்தால், ஸ்டேஷனிலேயே வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். கறுப்பு பிரேம் வேண்டாம், பழுப்புதான் கேட்கிறார்கள்.