ராகவன் வீடும் ராகவனின் வீடும்

உதவி இயக்குநராகச் சேர்ந்த புதிதில், தாளை நடுவே மடித்து இடப்பக்கம் காட்சி விவரமும் வலப்பக்கம் வசனமுமாக எழுதுவதையே கோடம்பாக்கத்து வழக்கமென்று கற்றிருந்தேன். ஆகவே, இயக்குநர் தம் கையெழுத்துப் பிரதியை நீட்டி, அதை ஃபைனல் டிராஃப்ட் என்ற திரைக்கதை எழுதும் மென்பொருளில் ஏற்றித் தரச் சொன்னபோது, வெறும் தட்டச்சு வேலை என்றுதான் எண்ணினேன்.

அந்த மென்பொருளில் பாத்திரத்தின் பெயரை அடித்து என்டரைத் தட்டினால், வசனத்துக்குரிய இடத்தில் கர்சர் தானே போய் நிற்கும். நானோ பழக்கதோஷத்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் பெயர்களை நடுப்பக்கத்துக்குத் தள்ளி வைத்தேன். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த அவை மென்பொருளின் கணக்கில் காட்சி விவர வரிகளாகவே இருந்தமையால், பாத்திரங்களுக்கான அறிக்கையை எடுத்தபோது கதாநாயகிக்கு ஒரு வசனம்கூட இல்லை.

சீன் தலைப்பு கற்பித்தது இன்னும் அதிகம். ஓரிடத்தில் 'ராகவன் வீடு' என்றும் வேறோரிடத்தில் 'ராகவனின் வீடு' என்றும் எழுதியிருந்தேன். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மென்பொருளோ அவற்றை இரண்டு லொக்கேஷன்களாகப் பட்டியலிட, அந்தப் பட்டியலை நம்பிய புரொடக்‌ஷன் மேனேஜர் இன்னொரு வீட்டுக்கு வாடகை பேசத் தொடங்கியிருந்தார். சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லக் கூசும் கை, தலைப்பில் மட்டும் கிளிப்பிள்ளையாக வேண்டியிருந்தது.

தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் வசதி அந்த மென்பொருளுக்கு 2018இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் இருந்ததோ அதற்கு முந்தையது. தமிழ் வசனங்களை ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். லகரமும் ழகரமும் ஒரே எழுத்துக்குள் அடைபட்டுப் போனதால், ஊருக்குப் புதியவன் 'வழி தெரியல' என்று கேட்க வேண்டிய இடத்தில், ஒத்திகைக்கு வந்த நடிகர் பல்லைக் கடித்துக்கொண்டு 'வலி தெரியல' என்றார்.

ஷெட்யூல் போட்டபின் காட்சி எண்களைப் பூட்டிவிட வேண்டும் என்பதைக் கடைசியாகத்தான் கற்றேன். பூட்டியபின் 24க்கும் 25க்கும் இடையே ஒரு காட்சி சேர்ந்தால், அது 24ஏ ஆகுமே தவிர மற்ற எண்கள் நகரா. நான் பூட்டாமலே ஒரு காட்சியை நுழைத்து, 1 முதல் மறுபடி எண்ணிட்டுவிட்டேன். என் கையில் புதிய பிரதி, காஸ்ட்யூமர் கையில் பழையது. மருத்துவமனை செட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அவர் இஸ்திரி போட்ட கல்யாணப் பட்டுடன் வந்து நின்றார்.