களைமருந்தும் சித்தப்பாவின் ஈசிஜியும்

செப்டம்பர் 23, 2024

தேவிபட்டினத்துக்கு மேற்கே சித்தப்பா வயல். விதைப்புக்கு முன்னாடி வரப்புப் புல்லைக் கருக்க மருந்தடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மிச்சத்தை யாரோ கலர் பாட்டில்ல ஊத்தி வேப்பமரத்தடியில வச்சிட்டாங்க. வெயில் தாகத்துல சித்தப்பா எடுத்து மடக்குனு குடிச்சிட்டார். பக்கத்து வயல்காரர் உப்புத்தண்ணி கரைச்சு ஓடி வந்தாராம், சின்னம்மா தொடவே விடலை. நல்லவேளை. தொண்டையை வேகவைக்கிற மருந்து இது. வாந்தி எடுக்க வச்சா அதே இடம் மறுபடி வேகும், நுரையீரலுக்குள்ளயும் போகும். 108-ல ராமநாதபுரம்.

தம்பி காலி டப்பாவையும் தூக்கிட்டு வந்திருந்தான். கிளைபோசேட் 41%. டாக்டரம்மா லேபிளைத்தான் முதல்ல படிச்சாங்க. "சில பூச்சிமருந்துக்கு அட்ரோபின் இருக்கு. இதுக்கு முறிவு மருந்து கிடையாதுப்பா. வர்றது ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்துத்தான் சமாளிக்கணும்." பாராகுவாட்ங்கிற இன்னொரு களைமருந்தா இருந்தா ஆக்சிஜன்கூட யோசிச்சுத்தான் வைப்பாங்களாம், நுரையீரல் இன்னும் கெட்டுப்போகும்னு.

செப்டம்பர் 24

காலையில எந்திரிச்சு உட்கார்ந்து டீ கேட்டார். மாமா உடனே, "பொழச்சாச்சு, டிஸ்சார்ஜ் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சிட்டார். நம்ம ஆளுகளுக்கு வாந்தி நின்னா எல்லாம் முடிஞ்ச மாதிரி.

சாயங்காலம் பிரஷர் 80/50. ரத்தத்துல அமிலம் கூடிப்போச்சு, பொட்டாசியமும் கூடி 6.8. சிஸ்டர் ஈசிஜி தாளை விரல்ல தொட்டுக் காட்டினாங்க: துடிப்புக்குப் பின்னாடி வர்ற மேடு வழக்கத்தைவிடத் தள்ளிப் போயிருந்தது. க்யூடிங்கிற இடைவெளி நீண்டிருக்காம், இப்படியே போனா துடிப்பு தாறுமாறா ஓடலாம். மருந்து இலையில ஒட்டுறதுக்காகச் சேர்க்கிற சோப்புச் சரக்கும் இதயத் தசையைச் சோர வைக்குமாம்.

செப்டம்பர் 25

ராத்திரி நாடி 42 வரை இறங்குச்சு. தற்காலிக பேஸ்மேக்கரை எடுத்துத் தயாரா வச்சாங்க, தேவைப்படலை. பொட்டாசியத்துக்குக் கால்சியம், அமிலத்துக்குச் சோடாபைகார்ப், பிரஷருக்கு நார்அட்ரினலின். துடிப்பு தாறுமாறா ஓடாம இருக்க மக்னீசியமும் ஏத்தினாங்க. வாந்திக்கு வழக்கமாப் போடுற ஊசி வேண்டாம்னுட்டாங்க, அது க்யூடியை இன்னும் நீட்டுமாம். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பெருசாப் பட்டுச்சு.

மூத்திரம் குறைஞ்சதால டயாலிசிஸ். கூடவே பால் மாதிரி வெள்ளையா ஒரு பாட்டில் ஏறுச்சு, கொழுப்புக் கரைசல். "பிரஷர் தூக்கி நிறுத்த முடியாதப்ப சிலருக்குக் கை கொடுக்கும்"னாங்க. அதுக்கு மேல எந்த உறுதியும் சொல்லலை. எனக்கு அந்தப் பேச்சு பிடிச்சுது.

செப்டம்பர் 28

நார்அட்ரினலினைக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திட்டாங்க. மூத்திரம் தாராளமாப் போகுது. எக்கோவுல இதயம் சுருங்கி விரியறது சரியா இருக்கு. தொண்டைதான் இன்னும் கஞ்சியைத் தாண்டலை.

அக்டோபர் 3

வீட்டுக்கு வந்தாச்சு. ஒரு மாசம் கழிச்சு ஈசிஜியும் எக்கோவும், கிட்னிக்குக் கிரியாட்டினினும் பார்க்கணும். 2022 அக்டோபர்லயே மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்றவங்க மட்டும்தான் கிளைபோசேட் அடிக்கணும்னு அறிவிச்சிருக்கு. எங்க ஊர்ல வரப்புக்கு வரப்பு டப்பா கிடக்கு. கலர் பாட்டில்ல ஊத்தினது யாருன்னு கேட்டா மட்டும் ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுறாங்க. சின்னம்மா விடுற மாதிரி இல்லை.