பிப்ரவரியில் எழுதிய கணக்கு

நாட்டில் பெரும்பாலோருக்கு வருமான வரி ஜூலை மாதத்துக் கவலை. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி அலுவலகங்களிலோ அது பிப்ரவரி மாதத்து வேலை. பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும்போது ஒவ்வோர் ஆசிரியரின் வருமான வரிக் கணக்கீட்டுப் படிவமும் அதனுடன் போக வேண்டும் என்பதால், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு எல்.ஐ.சி. ரசீது, பிள்ளைகளின் கல்விக் கட்டணச் சீட்டு, வீட்டுக் கடன் சான்று, வாடகை ரசீது என்று என் மேசையில் காகிதங்கள் குவியத் தொடங்கும். தேனி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு 2011இல் மாறுதலில் வந்து, 2024 மே மாதம் ஓய்வு பெறும் வரை அங்கே உதவியாளராக இருந்தேன். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் அந்தப் படிவங்கள் என் பொறுப்பு.

எனக்குக் கணக்கில் நல்ல பெயர் இருந்தது. பிற பள்ளிகளில் கருவூலத்திலிருந்து படிவங்கள் திரும்பி வரும். எங்கள் பள்ளிப் படிவம் திரும்பி வந்ததில்லை. ஆகவே ஆடிட்டர் என்பவர் ஜவுளிக் கடைக்காரருக்கும் ஏலக்காய் வியாபாரிக்கும் தேவைப்படுகிறவர், சம்பளம் வாங்குகிறவனுக்கு அவர் எதற்கு என்ற எண்ணம் எனக்கு வெகு காலம் இருந்தது. கூட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

2014 ஜூலையில் கணித ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவருடைய 26 ஏ.எஸ். பட்டியலில், அதாவது அவர் பெயரில் அரசுக்குச் சேர்ந்த வரியைக் காட்டும் பட்டியலில், நாங்கள் பிப்ரவரியில் பிடித்த தொகை இல்லை. சம்பளப் பட்டியலைப் புரட்டினேன், தொகை பிடிக்கப்பட்டிருந்தது. கருவூலத்தில் விசாரித்தேன், அவர்கள் பக்கமும் சரியாக இருந்தது. இங்கே அன்றைய ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருவூலம் வழியாகப் பிடிக்கப்படும் வரிக்குத் தனியாரைப் போல வங்கிச் சலான் கிடையாது. கருவூலத் தரப்பு 24 ஜி என்னும் படிவத்தைத் தாக்கல் செய்யும், அதற்கு பி.ஐ.என். என்றோர் அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துப் பள்ளி மூன்று மாதத்துக்கு ஒரு முறை 24 கியூ என்னும் அறிக்கையைத் தாக்கல் செய்து, எந்த ஆசிரியரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று சொன்னால்தான் பணம் அவரவர் பான் எண்ணில் போய் அமரும். நாங்கள் பிப்ரவரியைப் பெரிதாக நினைத்து, மே 15க்குள் போக வேண்டிய கடைசிக் காலாண்டு அறிக்கையை யாரோ ஒரு கணினி மையத்தில் கொடுத்து முடித்துக்கொண்டிருந்தோம். அதற்கான செலவுக்கு எங்கள் பள்ளியில் ஒதுக்கீடு ஏதும் இருந்ததில்லை. ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்துச் சமாளித்தோம்.

தலைமையாசிரியர் சொல்லி, பக்கத்து ஊர் ஆடிட்டர் ஒருவரிடம் கோப்போடு போனேன். ஐம்பது வயதுக்கு அருகில் இருந்த அந்த அம்மையார் நான் கொண்டுபோன கணக்கீட்டுத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, 24 கியூவில் கொடுத்த பட்டியலை மட்டும் கேட்டு வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கணித ஆசிரியரின் பான் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். எண்ணின் வடிவம் மட்டும் பொருந்தியிருந்ததால் மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. உண்மையில் அப்படி ஒரு பான் எண்ணே கிடையாது. பான் இல்லாதவருக்கு 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், ஆசிரியருக்கு வரி சேராமல் போனதோடு, பள்ளி குறைவாகப் பிடித்துவிட்டது என்று எங்கள் டான் எண்ணின் மேல், அதாவது வரி பிடிக்கும் அலுவலகத்துக்கான அடையாள எண்ணின் மேல், ஒரு நிலுவையும் ஏறியிருந்தது. அந்த அறிவிப்பு நாங்கள் யாரும் திறந்தே பார்க்காத மின்னஞ்சலில் கிடந்தது.

“கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். யாரோட கணக்குங்கிறதுதான் தப்பாப் போச்சு” என்றார் ஆடிட்டர்.

அவர் கடிந்து சொல்லவில்லை. திருத்த அறிக்கை போட்டுச் சில வாரங்களில் பணத்தை உரியவர் பெயருக்குக் கொண்டுவந்தும் விட்டார். ஆனால் ஏழு பக்கக் கணக்கீட்டைத் தொடாமலேயே கோளாறைக் கண்டுபிடித்த அந்த விரல் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. வரிக் கணக்கு என்பது நாம் நம்மைப் பற்றி எழுதுவது என்று நான் நினைத்திருந்தேன். பள்ளியும் கருவூலமும் வங்கியும் நம்மைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டதோடு நாம் எழுதுவது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அதில் பெரும்பகுதி என்பதை அன்றுதான் கண்டேன். அதன்பின் காலாண்டு அறிக்கைகள் அவரிடமே போயின. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் என்பதைச் சொல்லித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது கடினமாக இருக்கவில்லை.

பான் எண்ணைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பெயர்களின் தொல்லையையும் சொல்ல வேண்டும். தலைப்பெழுத்து வைத்து எழுதும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பான் விண்ணப்பமோ தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறது. விளைவு, பானில் அப்பா பெயர் விரிந்தும் ஆதாரில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியும் நிற்கும். 2023 ஜூன் 30க்குள் இரண்டையும் இணைக்க வேண்டும், தவறினால் பான் செயலிழக்கும் என்ற நிலை வந்தபோது, 1,000 ரூபாய் கட்டணமும் கட்டிவிட்டுப் பெயர் பொருந்தாமல் எங்கள் பள்ளியில் நான்கு பேர் அலைந்தார்கள். ஒருவருக்குச் சொந்தப் பெயரே இரண்டு ஆவணங்களில் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருந்தது.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது 2022இல் நடந்தது. எங்கள் தமிழாசிரியைக்குப் பத்தாண்டுப் பணிக்கு ஊதியத்தை உயர்த்தித் தரும் தேர்வுநிலை ஆணை மூன்று ஆண்டுகள் தாமதமாக வந்து, நிலுவை முழுவதும் 2022 ஜனவரியில் ஒரே தொகையாகக் கைக்கு வந்தது. இப்படி முந்தைய ஆண்டுகளின் சம்பளம் ஓர் ஆண்டில் மொத்தமாக வந்து வரியை ஏற்றிவிட்டால், அந்தந்த ஆண்டுக்குப் பிரித்துக் கணக்கிட்டு வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இடம் தந்தது. பலர் அஞ்சி ஒதுங்கும் கணக்கு அது. நான் இரண்டு மாலைகள் உட்கார்ந்து, நான்கு ஆண்டுகளின் வரி விகிதங்களையும் எடுத்துவைத்துப் போட்டுக் கொடுத்தேன். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிப் பள்ளி தரும் சான்றான ஃபார்ம் 16இலும் அந்தக் கழிவு ஏறியது. ஜூலையில் அவர் கணினி மையம் ஒன்றில் கணக்கைத் தாக்கல் செய்தார். செப்டம்பரில், கழிவு ஏற்கப்படவில்லை, ஏறத்தாழ 23,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து அறிவிப்பு வந்தது.

“நீங்கதானே சார் போட்டுக் குடுத்தீங்க?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. அதே இரவு மூன்றாம் முறையும் போட்டேன். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் தெரியாதது புலப்பட்டுவிடும் என்று நம்புகிற மடமை அது.

மறுநாள் இருவருமாக ஆடிட்டரிடம் போனோம். அறிவிப்பைப் பார்த்தவுடன் அவர் கேட்டது ஒரே கேள்வி: “பத்து ஈ போட்டீங்களா மேடம்?” 10 ஈ என்பது அந்தக் கழிவைக் கோருகிறவர் வருமான வரித் தளத்தில் தன் கணக்கின் வழியே அன்று தாக்கல் செய்ய வேண்டியிருந்த தனிப் படிவம். நாங்கள் அதைக் காகிதத்தில் நிரப்பிச் சம்பளப் பட்டியலோடு வைத்திருந்தோம். கருவூலத்துக்கு அது போதும். தளத்தில் அதைப் போட வேண்டும் என்பதும், அது இல்லாமல் கணக்கைத் தாக்கல் செய்தால் கழிவு தானாகவே மறுக்கப்படும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கணினி மையத்துத் தம்பியும் கேட்கவில்லை. ஃபார்மில் இருந்ததை அப்படியே ஏற்றினார், அவருடைய வேலை அவ்வளவுதான். டிசம்பர் 31 வரை திருத்திய கணக்கு போட வழி இருந்ததால் 10 ஈ தாக்கல் செய்து, அதன்பின் கணக்கைத் திருத்திப் போட்டார் ஆடிட்டர். கூலி 750 ரூபாய். நிலுவை நீங்கிவிட்டது. தமிழாசிரியை எனக்கு ஒரு பெட்டி அல்வா கொண்டுவந்து கொடுத்தார்; அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் இன்னொரு வகை உதவியும் ஆசிரியர் ஓய்வறைக்குள் நடந்து வந்தது. பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், வருவதில் எனக்குப் பத்து சதவீதம் என்று ஒருவர் வருவார். எப்படி வாங்குகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை, பெயர் தெரியாத கட்சிக்கு நன்கொடை, இல்லாத ஊனத்துக்குக் கழிவு என்று எழுதிப் பணம் உண்மையாகவே வங்கியில் விழுந்தது. ஆடிட்டரிடம் போய்க்கொண்டிருந்தவர்களில் மூவர் அவரை விட்டு இந்த மனிதரிடம் போனார்கள். அந்த அம்மா வாடகை போட மாட்டேன் என்கிறார், பயந்தவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். பொய்யான விவரம் கொடுத்து வரியைக் குறைத்துக் காட்டினால் அந்த வரியைப் போல இருமடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் பான் எண்ணுக்கு உரியவருக்குத்தான் வரும். பத்து சதவீதக்காரர் அந்தப் பக்கத்தில் எங்கும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். நமக்குத் திரும்ப வரும் தொகையைப் பொறுத்துக் கூலி வாங்குகிறவரிடம் வரிக் கணக்கைக் கொடுப்பது, கறந்த பாலுக்குக் கூலி என்று சொல்லித் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கறவைக்காரரை உட்கார வைப்பதைப் போன்றது.

இதில் எனக்கும் பங்குண்டு என்பதை எழுதாமல் விட முடியாது. வரிக் கழிவுக்காகக் காட்டும் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும் என்பதால், எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு மாத வாடகை 8,300 ரூபாயாக இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு 99,600. ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. சக ஊழியரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம்தான். கேட்கும் உரிமை வெளியாளுக்கு எளிதாக வாய்க்கிறது. 2025 ஜூலை 14 அன்று, பொய்க் கழிவுகளை எழுதிக் கொடுத்தவர்களைக் குறிவைத்து வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய நண்பர்கள் இருவர் திரும்ப வாங்கிய பணத்தை வட்டியோடும் அதற்கு மேல் கூடுதல் வரியோடும் கட்டிக் கணக்கைப் புதுப்பித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பத்து சதவீதம் திரும்பி வரவில்லை.

ஓய்வு பெற்ற ஆண்டின் கணக்கை நானே போட்டேன். இரண்டு மாதச் சம்பளம், பத்து மாத ஓய்வூதியம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்ட வட்டி, மூன்று வங்கிகளின் வைப்பு வட்டி. பணிக்கொடையும் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெற்ற தொகையும் அரசு ஊழியருக்கு வரியில்லை என்பதால் அவற்றை ஒதுக்கினேன். அந்த ஆண்டுக்குரிய புதிய வரி முறைப்படி நிகர வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் வரியே கிடையாது என்று இருந்தது; எனக்கு ஆறரை லட்சம்தான் வந்தது. அந்த ஆண்டு கடைசி நாள் ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிப்போயிருந்தது. அவசரமில்லாமல், தாக்கல் செய்ய மட்டும் ஆடிட்டரிடம் கொண்டுபோனேன். சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

அவர் பென்சிலை எடுத்து ஓரிடத்தில் வட்டம் போட்டார். பள்ளி கொடுத்த ஃபார்ம் 16இலும், சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு இருந்தது, ஓய்வூதியத்துக்கு வந்த ஃபார்ம் 16இலும் 75,000 ரூபாய் இருந்தது; இரண்டையும் நான் கழித்திருந்தேன். சம்பளமும் ஓய்வூதியமும் ஒரே தலைப்பில் வரும் வருமானம் என்பதால் கழிவு ஒருமுறைதான். பதின்மூன்று ஆண்டுகள் பிறருக்கு எழுதிக் கொடுத்த எனக்கு இது தெரியாதா? தெரியும். இரண்டு ஃபார்ம்கள் கைக்கு வந்தது அதுவரை இல்லாததால் தோன்றவில்லை. அது போக, வங்கிகளும் பிறரும் நம்மைப் பற்றித் துறைக்குத் தெரிவித்ததைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, “இந்த நாலாவது வங்கி வட்டி யாருது சார்?” என்றார். 2019இல் மகள் கல்யாணத்துக்கென்று போட்டுவிட்டுத் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்த வைப்பு அது. கல்யாணம் வேறு பணத்தில் முடிந்து, அதை மறந்தே போயிருந்தேன். வருமானம் 7,25,000 ரூபாயைத் தாண்டியது. சுழியமாக இருந்த வரி இருபத்து மூவாயிரத்துச் சொச்சமாக வந்து நின்றது. வங்கிகள் பிடித்தது போக மீதியை அங்கேயே கட்டினேன். வழக்கமான 750 ரூபாயை நீட்டியபோது, “கணக்குப் பாதி நீங்களே போட்டுட்டீங்களே” என்று 500 எடுத்துக்கொண்டார். அதில் கேலி இருந்ததா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இந்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்திலேயே உறையோடு போய்விட்டேன். ஓய்வூதியத்துக்கான ஃபார்ம் 16 ஜூனில்தான் வரும், அதற்குள் என்ன அவசரம் என்று முன்னறையில் இருந்த பையன் சிரித்தான். உள்ளே ஆடிட்டரின் மேசையில் புதிய வருமான வரிச் சட்டப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டதால், 80 சி, 89 என்று நான் தூக்கத்திலும் சொல்லும் எண்களெல்லாம் அதில் வேறு எண்களாகிவிட்டன. பக்கங்களில் அவருடைய பென்சில் கோடுகள் நிறைய இருந்தன. உறையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “அந்த 2019 டெபாசிட் என்ன ஆச்சு சார்?” என்று கேட்டார். ஜனவரியில் முடித்துவிட்டேன் என்றேன். முடித்த அன்று வங்கி கொடுத்த வட்டிச் சீட்டு உறையில் இல்லை. வீட்டிலும் இருப்பதாக நினைவில்லை. வங்கி நான்கு மணி வரைதான் என்பதால் பேருந்து நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தேன்.