சைக்கிள் பார் மேல் விழுந்த பையன்

போன ஞாயிறு சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகனுக்கு எட்டு வயது. பெரிய சைக்கிளை ஓட்டிப் பார்த்தவன், கால் வழுக்கி பார் மேலேயே விழுந்துவிட்டான். அழவில்லை. தொடைகளை இறுக்கிக்கொண்டு திண்ணையில் சுருண்டு படுத்தான்.

"எங்கடா அடி?"

"ஒண்ணும் இல்ல மாமா."

அந்த வெட்கம்தான் எனக்குப் பயம். அவன் வயதில் எனக்கும் இப்படி அடிபட்டு, சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் வீக்கத்தோடு திரிந்தேன்.

கதவைச் சாத்தி, அவனிடம் கேட்டுக்கொண்டு, அக்காதான் பார்த்தாள். விதைப்பையில் ஒரு பக்கம் வீக்கம்; ரத்தம் இல்லை. இருந்திருந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வைத்தோம். வெறும் ஐஸ் தோலைப் புண்ணாக்கிவிடும். பாட்டி மஞ்சள் குழைத்து வந்தார், வேண்டாம் என்றேன். அக்கா இட்லி எடுத்தாள், அதையும் தடுத்தேன். ஒருவேளை ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டுமே.

சிறுநீர் போனான், ரத்தம் இல்லை. ஆனால் ஒரு மணி நேரமாகியும் வலி குறையவில்லை. சரி, கிளம்பிவிட்டோம். ஸ்கேனில் வெறும் ரத்தக்கட்டு.

விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும் என்றார் டாக்டர். அடிபடாமலேகூட அது வருமாம். பெண் குழந்தைகளுக்கும், அடிபட்டபின் சிறுநீர் போக முடியாவிட்டாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். வண்டி இல்லையென்றால் 108.

திரும்பும்போது, "நாளைக்கும் வலிச்சா சொல்லட்டுமா மாமா?" என்று அவனே கேட்டான்.