ஐப்பசி மழைக்கு முன் சன்ரூஃப் வடிகால்

சன்ரூஃப் ஒழுகினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைத்தான். உடனே ஒரு சிலிக்கான் டியூபை வாங்கி, விளிம்பு முழுக்கப் பூசி அடைத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் மறுபடி ஒழுகும். இப்போது கூரையும் திறக்காது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் சன்ரூஃப் கார் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே இதைப் புரிந்துகொண்டால் பெரிய செலவு மிச்சம்.

அந்த பீடிங் தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்காக வைத்ததே இல்லை. காற்றுச் சத்தத்தையும் மழையின் பெரும்பகுதியையும் அது தடுக்கும். மீதித் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதை வாங்கிக்கொள்ளக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் போன்ற தட்டு இருக்கிறது. தட்டின் நான்கு மூலைகளிலும் துளை, ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாய். முன்னிரண்டு குழாய்களும் ஏ பில்லர் எனும் முன்தூணுக்குள் இறங்கி, பெரும்பாலான கார்களில் முன்கதவுக் கீலுக்கு அருகிலோ முன்சக்கரத்தின் மேல்மூடிக்குப் பின்னாலோ வெளிவரும். பின்னிரண்டும் பின்தூண் வழியாக இறங்கிப் பெரும்பாலும் பின்பம்பருக்குள் முடியும். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்தால் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் போலத்தான் இதுவும். ஓட்டை கூரையில் இல்லை, அடைப்பு குழாயில்.

எந்த மூலை என்பதைத் தண்ணீர் விழும் இடமே சொல்லும். பிரேக் போடும்போது முன்பக்க ரூஃப் லைட்டிலிருந்தோ வெயில் மறைப்பின் ஓரத்திலிருந்தோ சொட்டினால், தட்டில் தேங்கிய தண்ணீர் முன்னால் ஓடி வழிகிறது. முன் குழாய்களைப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின் குழாய். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடுகளில், கேட் முன் உள்ள சாய்தளத்தில் மூக்கு மேலே இருக்கும்படி காரை நிறுத்துகிறோம். அப்போது கூரைத் தண்ணீர் முழுவதும் பின் குழாய்களுக்கே போகும். சமதளத்தில் ஒழுகாத கார் சாய்தளத்தில் மட்டும் ஒழுகுவதற்கு இதுவே காரணம். மழையே இல்லாமல், ஏசி ஓடும்போது மட்டும் இடது முன்சீட்டின் கால்பக்கம் தெளிந்த தண்ணீர் தேங்கினால் அதற்கும் சன்ரூஃபுக்கும் சம்பந்தமில்லை. ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கூரை ஏரியலின் அடி ரப்பர், ரூஃப் ரெயில் போல்ட், சமீபத்தில் மாற்றிய முன்கண்ணாடியின் ஓரம் ஆகியவையும் இதே மாதிரி ஏமாற்றும்.

சோதனை எளிது. கூரையை முழுதாகத் திறந்து, மூலைக்கு 250 மில்லி வீதம் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலால் மெதுவாகத் துளைக்கு நேரே ஊற்றுங்கள். இன்னொருவர் கீழே குனிந்து பார்க்க வேண்டும். சில நொடிகளில் குழாயின் கீழ்முனையிலிருந்து கோடாக வெளியே ஓடினால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. தட்டிலேயே நின்றால் முழு அடைப்பு. தண்ணீர் தட்டிலிருந்து மளமளவென இறங்கி, கீழே எதுவும் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்: குழாய் மூட்டிலிருந்து கழன்று, தண்ணீர் சீலிங் துணிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஹோஸ் பைப்பைத் திருப்பி விட்டுச் சோதிப்பது வீண் வேலை, எந்த மூலை என்றே தெரியாது.

நம் கடற்கரையில் அடைப்பு பெரும்பாலும் எங்கே என்று பார்த்தால், மேலிருந்து வருவது ஒரு வகை. சவுக்குத் தோப்பை ஒட்டி நிறுத்தும் கார்களில் சவுக்கு ஊசி பீடிங் இடுக்கில் எளிதாக நழுவித் தட்டில் விழும். ஒன்று இரண்டு பரவாயில்லை. துளையின் வாயில் ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி ஒரு சல்லடையாகிவிடும். அதன் மேல் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலும் தூசியும் வேப்பம்பூவும் சேர்ந்தால் கறுப்புக் களிம்பு. சித்திரையில் உதிர்ந்த பூ ஐப்பசியில்தான் வேலையைக் காட்டும்.

இன்னொரு வகை கீழிருந்து வருவது. இதைப் பலர் கவனிப்பதில்லை. உப்புக்காற்றுக்குப் பயந்து இங்கே ஏறக்குறைய எல்லோரும் காரின் அடியில் துருத்தடுப்புக் கோட்டிங் அடிக்கிறார்கள். அடிக்க வேண்டியதுதான். ஆனால் பல கார்களில் குழாயின் கீழ்முனையில் உதடுபோல் பிளந்த ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். அதை டேப்பால் மூடாமல் தார் போன்ற கோட்டிங்கை அடித்தால் பிளவு ஒட்டிக்கொண்டுவிடும். கோட்டிங்குக்குக் கார் விடும்போது "வடிகால் முனை நாலையும் டேப் போட்டு மூடிட்டு அடிங்க, அப்புறம் டேப்பை எடுத்துடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளமும் இதையே செய்யும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்ததே, அப்படிப்பட்ட வண்டல் தண்ணீரில் நின்ற கார்களில் சேறு அந்த ரப்பர் மூக்குக்குள் இறுகிவிடும். ஆகவே வேலையைக் கீழிருந்து தொடங்குங்கள். மூக்கை விரலால் பிதுக்கித் திறந்தாலே பாதிக் கேஸ்களில் தேங்கிய தண்ணீர் கையில் கொட்டும்.

குழாய்க்குள் விட ஏற்றது புல் வெட்டும் மெஷினின் நைலான் லைன், 2 முதல் 2.4 மி.மீ. தடிமன். நுனியை லைட்டரால் சுட்டு உருண்டையாக்கி, மேலிருந்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இறக்குங்கள். தடைபட்டால் குத்தாதீர்கள், சற்று இழுத்து மறுபடி விடுங்கள். கம்பியோ சைக்கிள் பிரேக் ஒயரோ வேண்டாம், குழாயின் சுவரைக் கிழித்துவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்று அதைவிட மோசம். குழாய் மேல்மூட்டில் வெறுமனே செருகித்தான் இருக்கும். அழுத்தக் காற்று பட்டால் அது கழன்றுவிடும். அடைப்பாக இருந்தது நேரடி ஒழுகலாக மாறும். ஊதுவதற்குப் பதில், வேக்குவம் கிளீனர் வாயில் ஈரத்துணியைச் சுற்றி மேல் துளையில் வைத்து உறிஞ்சுவது பாதுகாப்பானது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பூ கலந்து ஊற்றி, நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

குழாய் கழன்றிருந்தால் முன்தூண் மூடியைக் கழற்றி, சீலிங்கின் அந்த மூலையை மட்டும் இறக்கினால் போதும், முழுசாக எடுக்கத் தேவையில்லை. அந்தத் தூணிலும் கூரை ஓரத்திலும் கர்ட்டன் ஏர்பேக் (மோதலில் பக்கவாட்டில் திரைபோல் விரியும் காற்றுப்பை) ஓடும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பத்து நிமிஷமாவது காத்திருந்துவிட்டுக் கை வையுங்கள். பழைய குழாயின் முனை வெயிலில் இறுகி விரிந்திருந்தால், நீளம் இடம் கொடுக்கும் பட்சத்தில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது முனையை மூட்டில் செருகிச் சின்ன கிளிப் போடுங்கள். சூப்பர் குளூ சூட்டில் உடையும். குழாய் ஏர்பேக்குக்குக் குறுக்கே போகாமல், பழைய கொக்கிகளிலேயே திரும்ப மாட்ட வேண்டும். ஏர்பேக் இருக்கும் தூணில் பழக்கமில்லையென்றால் இந்த ஒரு கட்டத்தைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். சீலிங்கை மூடுவதற்கு முன் அந்த 250 மில்லியை மறுபடி ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

நான்கு குழாயும் ஓடியும் ஒழுகினால் மட்டுமே கண்ணாடிப் பக்கம் வாருங்கள். கண்ணாடியின் முன்விளிம்பு கூரை மட்டத்திலோ 1 மி.மீ. தாழ்ந்தோ, பின்விளிம்பு மட்டத்திலோ 1 மி.மீ. உயர்ந்தோ இருப்பதுதான் பொதுவான அளவு. உங்கள் மாடலின் அளவு ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். எங்கே சுலபமாக வழுக்குகிறதோ அங்கே உயரம் தவறு. பக்கவாட்டில் உள்ள டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூக்களைத் தளர்த்திச் சரிசெய்யலாம். பீடிங்குக்கு ஈரத்துணியால் துடைத்து சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். சாதாரணப் பெட்ரோலியக் கிரீஸ், தேங்காய் எண்ணெய் இரண்டும் கூடாது. மணலைப் பிடித்து வைக்கும், பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரையும் உப்ப வைக்கும்.

உள்ளே நனைந்த காரை வெயிலில் நிறுத்தினால் மேல்துணிதான் காயும். கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்களில் பச்சைப் பூசணம் போல் படிவது அதனால்தான். பிறகு ஏர்பேக் விளக்கு எரியும். முன்பு சொன்னபடி பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிக் காத்திருந்துவிட்டு, சீட் போல்ட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கிக் கட்டை முட்டுக் கொடுத்து, பெடஸ்டல் ஃபேனைக் கதவோரம் வைத்து இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். பஞ்சை டிஷ்யூவால் அழுத்தி, ஈரம் ஏறவில்லை என்று பார்த்த பிறகு மூடுங்கள்.